ஞாயிற்றுக்கிழமை எரியாத விளக்கு

சென்னை
20.8.2000

இசக்கிச்செல்விக்கு,

நான் நலம். மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? அத்தை இன்னும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார்களா?

அம்மா விளாத்திகுளத்திலிருந்து எழுதியிருந்தாள்: "என் தம்பி மக பாலிடெக்னிக்ல கடைசி வருசம் படிக்கா. ஏதோ கம்ப்யூட்டர் சில்லு வச்சு ஒண்ணு செய்யணுமாம். நீ அந்த வேலைதானலே பாக்கே, சாமான் வாங்கி அனுப்பு." நான் பார்ப்பது அந்த வேலை இல்லை. கடைத்தராசுக்கு சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். அம்மாவிடம் அதைச் சொல்லிப் புண்ணியமில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியவற்றை உங்கள் மில் பின்தெரு முகவரிக்கே அனுப்பியிருக்கிறேன். துளைத் துளையாக இருப்பது பிரெட்போர்டு. பற்றவைக்காமல் செருகியே சர்க்யூட் கட்டலாம். மூன்று கால் உள்ளது ரெகுலேட்டர். ஒன்பது வோல்ட்டை ஐந்தாக இறக்கும். வெள்ளித் தகடு போன்றது கிரிஸ்டல். தாளம் போடுவது அதன் வேலை. நாற்பது காலோடு பூரான் மாதிரி இருப்பதுதான் மைக்ரோகண்ட்ரோலர். அதன் காலைத் தொடாதே, நம் உடம்பு மின்சாரமே அதைக் கொன்றுவிடும். ஈயத்தாளில் சுற்றி சோப்பு டப்பாவில் வைத்திருக்கிறேன். எல்.இ.டி., ரெசிஸ்டர் போன்ற பொடிச் சாமான்களைக் காலித் தீப்பெட்டிகளில் பிரித்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரலில் புராஜெக்ட் ஓடாவிட்டால் டிப்ளமோ நின்றுவிடும், நின்றால் மாமா இன்னொரு வருடம் படிக்க வைக்க மாட்டார் என்றும் அம்மா எழுதினாள். ஆகவே விளையாடாதே. ஞாயிறு காலை உங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு போன் செய்கிறேன், வந்து நில். சர்க்யூட்டைக் கடிதத்தில் விளக்கப் பொறுமை இல்லை எனக்கு.

மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம்.

பூவனநாதன்

---

கோவில்பட்டி
5.9.2000

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே அப்பா, அம்மா, ஆடுகள், நான் எல்லாரும் சுகம். அப்பாவின் முழங்கால் மழை வந்தால்தான் வலிக்குமாம். ஆகவே இந்த வருடம் இன்னும் வலிக்கவே இல்லை. அங்கே உங்களுக்குச் சாப்பாடெல்லாம் ஒத்துக்கொள்கிறதா?

பார்சலுக்காகத் தபாலாபீசிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு பிரேமாவோடு போனேன். பார்சலைப் பிரித்துப் போட்டு எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். தபாலில் தீப்பெட்டி அனுப்பக் கூடாதாமே! "ஏம்மா, நாடு பூராவும் தீப்பெட்டி அனுப்புத ஊரும்மா இது. இங்கனைக்கே தீப்பெட்டி அனுப்பின மவராசன் யாரு?" என்று போஸ்ட்மாஸ்டர் கேட்டதை பிரேமா வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். உள்ளே குச்சிக்குப் பதில் கலர் கலராய் இருப்பதைக் காட்டியபிறகுதான் விட்டார்கள்.

அத்தான், ஒரு எல்.இ.டி.யை நேராக பேட்டரியில் வைத்தேன். ஒரு நொடி நட்சத்திரம் மாதிரி எரிந்தது. பிறகு இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வைக்காமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

போனுக்கு வர முடியவில்லை. கடிதமே நல்லது. படம் போட்டு விளக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம். கல்லூரியில் சிப்பில் புரோகிராம் ஏற்றும் கருவி பழுதாகிக் கிடக்கிறது. அதற்கு என்ன செய்ய?

அத்தைக்கு எழுதும்போது விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இசக்கிச்செல்வி

---

சென்னை
14.9.2000

இசக்கிக்கு,

சுகம்தான். சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே.

ரெசிஸ்டரை எதற்கு அனுப்பினேன், பாயசத்தில் போடவா? எல்.இ.டி.க்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. கொடுக்கிற கரண்டையெல்லாம் வாங்கிக்கொண்டு சாகும். முன்னால் ஒருவன் நின்று தடுக்க வேண்டும், அவன்தான் ரெசிஸ்டர். ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்று கோடு போட்டதை எடு. பேட்டரியை ரெகுலேட்டரில் கொடு. அங்கிருந்து ரெசிஸ்டர், பிறகு எல்.இ.டி., பிறகு சிப்பின் கால். படம் பின்பக்கம். அந்தக் கால் பூஜ்யமானால் விளக்கு எரியும், ஒன்றானால் அணையும். தலைகீழாகத் தோன்றும். பழகிக்கொள்.

உன்னிடம் உள்ள சிப்பில் மூன்று விளக்கு மாறி மாறி எரிகிற சின்ன புரோகிராமை ஏற்றித்தான் அனுப்பினேன். முதலில் அதை ஓட்டு. பிறகு உன் புரோகிராமைத் தாளில் எழுதி அனுப்பு. இங்கே கம்பெனியில் ஏற்றி, சிப்பைத் தபாலில் போடுகிறேன். தீப்பெட்டியில் இல்லை.

இரண்டு ஞாயிறு போன் செய்தேன். இரண்டு தடவையும் பூத் அண்ணாச்சி ஆள் அனுப்ப, அத்தைதான் வந்தார்கள். ஒரு தடவை "அவ குளிச்சிக்கிட்டு இருக்காய்யா." இன்னொரு தடவை "கோயிலுக்குப் போயிருக்காய்யா." உன் குளியலும் கோயிலும் என் போன் நேரத்துக்குத்தான் வருகின்றன.

என்ன புராஜெக்ட் என்று இன்னும் சொல்லவில்லை. சொல்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

பூவனநாதன்

---

கோவில்பட்டி
2.10.2000

அன்புள்ள அத்தானுக்கு,

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

எரிந்தது! மூன்றும் எரிந்தது. அம்மாவை இழுத்துவந்து காட்டினேன். "இதுக்காட்டி இத்தன வருசம் படிச்ச? பிள்ளையார் கோயில் சீரியல் பல்பு இதவிட ஜோரா ஓடுமே" என்றாள். ஆனால் அடுப்பங்கரைக்குப் போனவள் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

வகுப்பில் பாதிப் பேர், இருட்டினால் தானாக எரியும் தெருவிளக்கு புராஜெக்டை மதுரையிலிருந்து கட்டிய நிலையிலேயே வாங்கிவருகிறார்கள். குருசாமி சார் என்னையும் அதையே வாங்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். நான் செய்யப்போவது குக்கர் விசில் எண்ணும் பெட்டி. ஒரு விசில் வந்தால் ஒரு விளக்கு எரியவேண்டும், இரண்டு வந்தால் இரண்டு. யாராவது கதவைத் தட்டினால் தனியாக ஒரு சிவப்பு விளக்கு. நான் வந்து பித்தானை அழுத்தும்வரை எதுவும் அணையக் கூடாது.

தீப்பெட்டி ஆபீஸ் பஸ் விடிந்ததும் அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்பா ஆட்டோடு போய்விடுவார். காலையில் வீட்டில் நானும் குக்கரும்தான். போன மாதம் பருப்பு இரண்டு தடவை கரிந்துவிட்டது.

சத்தத்தைப் பிடிக்க என்ன சாமான் வேண்டும் என்று எழுதுங்கள்.

இசக்கிச்செல்வி

---

சென்னை
12.10.2000

இசக்கிக்கு,

நலம். மழை தொடங்கிவிட்டது, அறைக்குள்ளும்.

குக்கர் விசிலை எண்ண மைக்ரோகண்ட்ரோலரா? தெருவுக்கே கேட்கும் விசில் அது. உனக்கென்ன காது இல்லையா? கதவைத் தட்டினால் எழுந்துபோய்த் திறக்க வேண்டியதுதானே. அதற்கு ஒரு விளக்கு, விளக்கை அணைக்க ஒரு பித்தான்! எங்கள் கம்பெனியில் சொன்னால் சிரிப்பார்கள்.

அதைத்தான் செய்வேன் என்றால் விளக்குக்குப் பதில் பஸ்ஸர் வை. மலிவு. வேலையை விட்டுவிட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், எந்த அறையில் இருந்தாலும் கேட்கும். பஸ்ஸர் ஒன்றும் சத்தத்தைப் பிடிக்கக் கண்டென்சர் மைக் மூன்றும் அனுப்பியிருக்கிறேன். டேப்ரிக்கார்டரில் இருக்குமே, அதே மைக்தான்.

இன்னொன்று. சித்திரையில் மாமாவும் அம்மாவும் நம் கல்யாண விஷயம் பேசப்போவது உனக்கும் தெரிந்திருக்கும். உன்னைப் பார்த்து ஐந்து வருடமாகிறது. ஒரு தடவை போனில் பேசினால் என்ன குறைந்துவிடும்? ஞாயிறு காலை பூத்துக்கு வா.

பூவனநாதன்

---

கோவில்பட்டி
10.12.2000

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இங்கே மழை இறங்கிவிட்டது. கரிசல் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலியும் சந்தோஷமும் ஒன்றாக வந்திருக்கின்றன.

நீங்கள் அடுத்தடுத்துப் போட்ட கார்டுகளும் வந்தன. கோபம் ஒன்றும் இல்லை. எழுதிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். புரோகிராமை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பஸ்ஸர் நல்ல பஸ்ஸராம், பிரேமா சொன்னாள். அவள் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன், சைக்கிளில் மாட்டியிருக்கிறான். எனக்கு விளக்குதான் வேண்டும்.

அத்தை உங்கள் போட்டோவை அனுப்பியிருந்தார்கள். கேமரா எங்கே இருக்கிறது என்று தேடுகிற மாதிரி நிற்கிறீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இசக்கிச்செல்வி

---

சென்னை
24.12.2000

இசக்கிக்கு,

இரண்டு மாதம் கழித்து உன் கடிதம். எல்லாரும் நலம் என்று தெரிந்தது, சரி.

உன் புரோகிராமைப் படித்தேன். தப்பு பிடிக்கத்தான் படித்தேன். பஸ் ஹாரனையும் குக்கர் விசிலையும் எப்படிப் பிரிக்கப்போகிறாய், மாட்டிக்கொள்வாய் என்று பார்த்தால், சத்தம் மூன்று நொடி விடாமல் நீண்டால்தான் விசில் என்று வைத்திருக்கிறாய். குட்டிக் குட்டியாக மூன்று சத்தம் அடுத்தடுத்து வந்தால் கதவு. பித்தானை அழுத்துகிற நேரத்தில் புது விசில் வந்தால் அது தொலைந்துபோகாமல் இருக்கக்கூட வழி செய்திருக்கிறாய். அது எனக்குத் தோன்றியிருக்காது.

எங்கள் மூத்த எஞ்சினியர் கிருஷ்ணகுமாரிடம் காட்டினேன். யாரையும் பாராட்டாத மனிதர். தாள்களைப் புரட்டிவிட்டு "யாருப்பா எழுதினது?" என்றார். "மாமா மகள்" என்றேன். "நீ எழுதினதுன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்" என்றார். கம்பெனியில் யாரும் சிரிக்கவில்லை.

இதைப் பாராட்டு என்றே வைத்துக்கொள். அடிக்கடி எழுத மாட்டேன். சிப்பில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. விளக்கா பஸ்ஸரா என்பது உன் இஷ்டம்.

பொங்கலுக்கு லீவு இல்லை. மாமாவிடம் சொல்.

பூவனநாதன்

---

கோவில்பட்டி
21.1.2001

அன்புள்ள அத்தானுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. உங்கள் பங்குக் கரும்பையும் ஆடு தின்றுவிட்டது.

பெட்டி ஓடுகிறது. மூன்று விசிலுக்கு மூன்று விளக்கு. பருப்பு கரிவதில்லை. பிரேமா கதவைத் தட்டி ஓடி ஒளிந்து விளையாடுகிறாள், சிவப்பு விளக்கு அவளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எல்லாம் நீங்கள் அனுப்பிய பொடிச் சாமான்கள்தான் என்று நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஆனால் ஒரு கோளாறு. காலை எட்டு மணிக்கு, அடுப்பில் ஒன்றுமே இல்லாதபோது, முதல் விசில் விளக்கு தானாக எரிகிறது. மைக்கை மாற்றினேன். கண்டென்சர்களை மாற்றினேன். பற்றவைத்ததைப் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். எட்டு மணிக்கு அதன் முன்னாலேயே உட்கார்ந்தும் பார்த்துவிட்டேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எரிவதில்லை.

குருசாமி சார், "பொய் சொல்லுத பெட்டிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா. மாசிக்குள்ள சரி பண்ணு, இல்ல தெருவிளக்க வாங்கிட்டு வா" என்கிறார். கையெழுத்து இல்லாவிட்டால் ஏப்ரல் தேர்வு இல்லை. மதுரைப் பெட்டியை வாங்கிவந்து என்னுடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்ன தப்பு என்று பார்த்துச் சொல்லுங்கள், அத்தான்.

இசக்கிச்செல்வி

---

சென்னை
1.2.2001

இசக்கிக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் பற்றவைப்பைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். தபாலில் போடப் போகிற வழியில், பஸ்ஸில், உன் கடிதத்தை மறுபடி படித்தேன். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

எந்தக் கண்டென்சரும் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்காது. ஞாயிறு லீவு மில்லுக்கு. எட்டு மணிக்கு அடிப்பது மில் சங்கு. பள்ளிக்கூட லீவுக்கு உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தச் சங்குக்குத் திடுக்கிட்டு நான் டீயைச் சிந்துவேன், மாமா சிரிப்பார். ஓட்டிலிருந்து தூசி உதிரும்.

"வீட்டில் ஒரு சத்தமும் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். நீ பொய் எழுதுகிறவள் இல்லை. பெட்டியும் பொய் சொல்லவில்லை, தனக்குக் கேட்டதைச் சொன்னது. இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரிந்த பருப்பு, அணையாத விளக்கு, சைக்கிளுக்குப் போன பஸ்ஸர், குளியல், கோயில். தனித்தனி என்று நான் நினைத்த ஒயர்கள் எல்லாம் ஒரே முனையில் வந்து சேர்ந்தன.

உன் புரோகிராமில் சில வரி சேர்த்துப் புதுச் சிப் அனுப்பியிருக்கிறேன். சத்தம் பத்து நொடியைத் தாண்டி நீண்டால் அது விசில் கணக்கில் வராது. அதற்குத் தனியாக ஒரு பச்சை விளக்கு வை. அது எரிந்தால் மில் சங்கு ஊதுகிறது, மணி எட்டு என்று அர்த்தம்.

பொட்டலத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மோட்டாரும் இருக்கும். பழைய பேஜரில் இருந்து கழற்றியது. சத்தம் போடாது, நடுங்கும். பஸ்ஸர் இருக்கவேண்டிய இடம் அதற்குத்தான். நேராகச் சிப்பில் கொடுக்காதே, டிரான்சிஸ்டர் வழியாகக் கொடு. படம் பின்பக்கம். நீள ஒயரில் இணைத்து, துணிப்பட்டையில் தைத்துக் கையில் கட்டிக்கொள். விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்கும்போதும் தெரியும்.

இனி பூத்துக்கு போன் செய்ய மாட்டேன். கடிதம் பழகிவிட்டது.

பூவனநாதன்

---

கோவில்பட்டி
18.2.2001

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். இந்தத் தடவை அந்த வார்த்தையை யோசித்துத்தான் எழுதினேன்.

பச்சை விளக்கு எரிந்தது. பிரேமாவை ஓடச் சொல்லிப் பார்த்தேன். "ஆமாட்டி, சங்குதான் ஊதுது" என்றாள். அது நின்றதும் கையில் இருந்த நடுக்கமும் நின்றது. அந்தச் சங்கை நான் மறந்தே போயிருந்தேன். குருசாமி சார் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நீங்கள் நேராகக் கேட்கவில்லை. நான் நேராகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் ஒரு காய்ச்சல் வந்தது. அதிலிருந்து காது குறைந்துகொண்டே வருகிறது. இடது காது போய்விட்டது. வலது காதில், பக்கத்தில் நின்று பேசினால் கொஞ்சம் கேட்கும். மீதியை உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். போனுக்கு உதடு இல்லை.

கல்யாணப் பேச்சு முடியும்வரை இதை உங்களிடம் சொல்லக் கூடாது, எழுதக் கூடாது என்று அம்மா சாமி படத்தின் முன்னால் சத்தியம் வாங்கியிருந்தாள். செய்து காட்டக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் செய்தேன். இப்போது எழுதியும்விட்டேன். அம்மாவுக்குத் தெரியாது.

இதற்குப் பதில் வராவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன். மோட்டாருக்கு நன்றி.

இசக்கிச்செல்வி

---

கோவில்பட்டி
12.4.2001

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா? பதில் வரவில்லை. அதைப் பற்றிக் கேட்பதற்காக எழுதவில்லை. சாமான் வாங்கி அனுப்பியவருக்கு முடிவைச் சொல்லவேண்டும் அல்லவா.

நேற்று புராஜெக்ட் தேர்வு. வெளியூர் தேர்வாளர் வந்திருந்தார். பெரிய மீசை, மேல் உதடே தெரியவில்லை. அவர் முதலில் கேட்டது எனக்குப் பிடிபடவில்லை. "சார், எழுதிக் காட்டுங்க" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு தாளில் எழுதினார்: "இதில் பஸ்ஸர் வைத்திருக்கலாமே, ஏன் வைக்கவில்லை?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களையே நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி இருந்தது.

"பஸ்ஸர் எனக்குக் கேட்காது சார்" என்றேன். மூன்று வருடம் ஒன்றாகப் படித்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வெளியில் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் எழுந்து என் பின்பக்கம் போனார். நான் திரும்பவில்லை. கையில் மோட்டார் நடுங்கியது. "கதவத் தட்டுதீங்க சார்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நடுங்கியது. "இப்பவும் கதவுதான் சார்." மூன்றாவது தடவை அவர் தட்டவில்லை. முன்னால் வந்து, மீசையை விரலால் ஒதுக்கிக்கொண்டு, நான் பார்க்கும்படி நிதானமாக, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார்.

பாஸ் என்று குருசாமி சார் சொன்னார். அத்தைக்கு என் வணக்கம்.

இசக்கிச்செல்வி

---

சென்னை
20.4.2001

அன்புள்ள இசக்கிக்கு,

நலம். தேர்வாளர் உன் பின்னால் போய்த் தட்டிய இடத்தைக் கம்பெனியில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கிருஷ்ணகுமார் உன் முகவரியை வாங்கிக்கொண்டார். வேலை விஷயமாக அவரே எழுதுவார், நான் நடுவில் வரமாட்டேன்.

உன் பிப்ரவரிக் கடிதத்துக்குத் தபாலில் பதில் போடக் கூடாது, முதலில் அம்மாவிடம் நேரில் பேசவேண்டும் என்று லீவுக்கு அலைந்தேன். போன வாரம்தான் கிடைத்தது, விளாத்திகுளம் போனேன்.

அம்மா, "ஏலே, காது கேக்காத பிள்ளைன்னு அவ ஆத்தா வள்ளித்தாயி நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லலயே" என்றாள். "போட்டோ எடுக்கும்போது என் கண்ணாடியக் கழட்டச் சொன்னது யாரு?" என்றேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. கேமராவைத் தேடினேன் என்று நீ எழுதியது உண்மை. அம்மா வெற்றிலையை மென்று முடித்தாள். பிறகு, "அப்ப ரெண்டு வீட்டுக்கும் சரியாப் போச்சு, போ" என்றாள். அத்தையிடம் சொல்லிவிடு. இனி யாரும் குளிக்கவோ கோயிலுக்குப் போகவோ வேண்டாம்.

பெரியவர்கள் பேசுவது இருக்கட்டும். உன்னிடம் நான் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. அதைக் கடிதத்தில் கேட்க மாட்டேன். என் உதட்டைப் பார்த்து நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

29-ஆம் தேதி காலை வருகிறேன், கண்ணாடியோடு. ஞாயிற்றுக்கிழமை, சங்கும் இருக்காது. கதவை மூன்று தரம் தட்டுவேன். சிவப்பு விளக்கு எரிந்தால் வந்து திற.

பித்தானை மட்டும் அழுத்திவிடாதே. அது எரிவதை நானும் பார்க்க வேண்டும்.

பூவனநாதன்